பெட் 6-ல டிரிப் முடிஞ்சிருச்சு: ஒரு சிரிஞ்ச் பம்ப் சோதனைக்குத் திட்டம் போட்ட கதை

முதல் திட்டம் 14 பக்கம். அட்டை, பொருளடக்கம், பதிப்பு எண், கையெழுத்துப் போட மூன்று கட்டம் எல்லாம் வைத்திருந்தேன். எங்களுக்கு ஆலோசனை சொல்ல மாதம் இரண்டு தடவை ஒரு சிஸ்டர் வருவார். ஐசியுவில் பல வருடம் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். டீ ஆறிப்போனது. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "இதுல யாருக்கும் தப்பே வராதே தம்பி. அப்புறம் எதுக்கு டெஸ்ட்டு?"

பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கிண்டி தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்ன கம்பெனி. நான் மெக்கானிக்கல் ஆள். பம்பின் லீட் ஸ்க்ரூ, மோட்டார் பிராக்கெட், கிளாம்ப் இவைதான் என் வேலை. யூசபிலிட்டி ஃபைல் (பயன்படுத்துகிறவர்கள் இதைப் பிழையில்லாமல் இயக்க முடிகிறதா என்று சோதித்துக் காட்டும் ஆவணம்) இல்லாமல் சான்றிதழ் பேச்சே எடுக்க முடியாது என்று தெரிந்த மீட்டிங்குக்கு நான் கால் மணி நேரம் தாமதமாக வந்தேன். வந்து உட்காருவதற்குள் அந்தப் பொறுப்பு என் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது.

சிரிஞ்ச் பம்பைப் பார்க்காதவர்களுக்காக: மருந்து ஏற்றிய 50 மில்லி சிரிஞ்சைப் படுக்கவைத்துப் பொருத்தி, மணிக்கு எத்தனை மில்லி என்று எண்ணைப் போட்டால், ஒரு ஸ்க்ரூ அதன் பிஸ்டனை மெல்ல மெல்லத் தள்ளும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் நோராட், இன்சுலின், மயக்க மருந்து என்று அளவு பிசகினால் ஆபத்தான மருந்துகள்தான் பெரும்பாலும் இதில் போகும். மணிக்கு 1 மில்லியும் 10 மில்லியும் திரையில் ஒரு பூஜ்ஜிய வித்தியாசம். நோயாளிக்கு அது பத்து மடங்கு.

2006-ல் கனடாவின் எட்மன்டனில் நடந்ததை இந்தத் துறைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒரு தடவையாவது படித்திருப்பார்கள். கீமோ மருந்து, சிறிய பம்ப், மணிக்கு 1.2 மில்லி போக வேண்டும். 24 மணி நேரத்துக்கான அளவு 28.8 மில்லி. அந்த 28.8-ஐ மணிக்கான ரேட்டாகப் போட்டுவிட்டார்கள். இன்னொரு நர்ஸும் சரிபார்த்தார், அவர் கண்ணுக்கும் தப்பிவிட்டது. நான்கு நாள் போக வேண்டியது நான்கு மணி நேரத்தில் போய், நோயாளி இறந்துபோனார். பம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2010-ல் சொன்ன கணக்குப்படி, 2005 முதல் 2009 வரையிலான ஐந்து வருடத்தில் இன்ஃப்யூஷன் பம்புகள் (இப்படி மருந்து ஏற்றும் எல்லா வகை பம்புகளும்) பற்றி மட்டும் சுமார் 56,000 புகார் அறிக்கைகள். அவற்றில் சாஃப்ட்வேர் கோளாறும் உண்டு, பேட்டரி கோளாறும் உண்டு, திரையும் பட்டனும் ஆளைக் குழப்பியதும் உண்டு.

இதற்கென்று இருக்கும் சர்வதேசத் தரநிலை ஐஇசி 62366-1. 2015-ல் வந்தது, 2020-ல் ஒரு திருத்தம். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. பயன்படுத்தியவரின் தவறு என்று அது சொல்வதில்லை, பயன்பாட்டுப் பிழை என்றுதான் சொல்கிறது. ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அவர் செய்ததும் பம்ப் எதிர்பார்த்ததும் எங்கே பிரிந்தன என்று பார்க்கச் சொல்கிறது. சாதனம் உருவாகும்போதே நடத்தும் சோதனைகளுக்கு ஃபார்மேட்டிவ் என்று பெயர். எல்லாம் முடிந்தபின், இது பாதுகாப்பாகப் பயன்படும் என்று காட்ட நடத்துவது சம்மேட்டிவ். இரண்டுக்கும் சேர்த்துத்தான் நான் அந்த 14 பக்கத்தை எழுதியிருந்தேன்.

அதில் என்ன தப்பு என்று சிஸ்டர் சொல்லவில்லை. "வார்டுக்குப் போய் ரெண்டு நைட்டு உக்காந்துட்டு வாங்க" என்றார்.

இரண்டு நைட் ட்யூட்டி

ஒரு நர்சிங் ஹோமில் அனுமதி கிடைத்தது. நோயாளி முகம், கேஸ் ஷீட் எதையும் படம் எடுக்கக்கூடாது, யாரையும் கேள்வி கேட்டு வேலையைக் கெடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன், கையெழுத்து மட்டும் கொஞ்சம் திருந்தியிருக்கிறது.

ஒரே டிரேயில் இரண்டு பிராண்டு 50 மில்லி சிரிஞ்ச். ஸ்டோரில் எது இருந்ததோ அது. மருந்தின் பெயரை மைக்ரோபோர் பிளாஸ்திரியில் பேனாவால் எழுதி சிரிஞ்சின் மேல் ஒட்டுகிறார்கள், அது மில்லி கோடுகளைப் பாதி மறைக்கிறது. ஒரு பம்ப் ஐவி ஸ்டாண்டில் இல்லை, ஸ்டூல் மேல் இருக்கிறது, ஏனென்றால் கிளாம்ப் மரை தேய்ந்துபோச்சு. (மற்றவர்களின் பம்ப்தான். ஆனாலும் கிளாம்ப் செய்கிறவனுக்குச் சுருக்கென்றது.) நோயாளியின் மச்சான், பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த சாக்கெட்டில் போனை சார்ஜ் போட்டிருக்கிறார். விடிகாலை 3 மணிக்கு பேட்டரி அலாரம். வார்டில் விளக்கெல்லாம் அணைத்தாயிற்று, தூரத்தில் ஒரு ட்யூப் லைட். சிஸ்டர் கையில் கிளவுஸ், அதன் மேல் சானிடைசர் ஈரம். அலாரம் அடித்ததும் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து ஏதோ ஒரு பட்டனை அமுக்கி சத்தத்தை நிறுத்தினார். "அவருக்குத் தூக்கம் கெட்டுடும்ல" என்றார் என்னிடம்.

எல்லாவற்றையும் விட அதிகமாக எழுதியிருந்தது குறுக்கீடுகளை. முதல் இரவில் ஒரு மணி நேரம் மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஒரு சிஸ்டர் பம்பின் முன்னால் நின்ற ஐந்து தடவையில் நான்கு தடவை யாராவது கூப்பிட்டார்கள். "சிஸ்டர், பெட் 6-ல டிரிப் முடிஞ்சிருச்சு." போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். விட்ட இடம் எது என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது இரவு டாக்டர் போனில் ஆர்டர் சொன்னார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "பிரஷர் ஏறலையா? ஏழரை வெச்சிடுங்க சிஸ்டர்." ஏழரை. நம் வாயில் வரும் எண் அது. பம்பில் அப்படி ஒரு பட்டன் கிடையாது. 7, புள்ளி, 5 என்று மூன்று தட்டு தட்ட வேண்டும். நடுவில் இருக்கும் புள்ளி பதியாமல் போனால் 75. சனி பகவானே நேரில் வந்தாலும் இவ்வளவு சுலபமாக வேலையைக் காட்ட முடியாது.

திரும்பி வந்து என் 14 பக்கத்தைப் படித்தேன். ஏசி போட்ட மீட்டிங் ரூம், வெள்ளை வெளிச்சம், ஒரே பிராண்டு சிரிஞ்ச், முழுசாக சார்ஜ் ஏறிய பம்ப், யாரும் குறுக்கே வராத அரை மணி நேரம். பணி எண் 3: "பிராண்டு மெனுவைத் திறந்து சரியான சிரிஞ்சைத் தேர்வு செய்யவும்." விடையைக் கேள்வித்தாளிலேயே அச்சடித்திருந்தேன்.

எதைச் சோதிப்பது

முதல் திட்டத்தில் பணிகளை மெனு வரிசையில் எழுதியிருந்தேன். ஆன் செய்வது, மொழி மாற்றுவது, வெளிச்சம் கூட்டுவது என்று. இரண்டாவது திட்டத்தில் மெனுவை மூடி வைத்துவிட்டு, ரிஸ்க் டேபிளை, அதாவது எது தவறினால் எவ்வளவு பாதிப்பு என்ற பட்டியலை எடுத்தேன். எந்த வரியில் பாதிப்பு கடுமை என்று இருக்கிறதோ, அங்கிருந்து பின்னால் நடந்து, யார் கை எதைச் செய்தால் அல்லது செய்யாமல் விட்டால் அது நடக்கும் என்று பார்த்தேன். 31 பணிகள் 8 ஆகச் சுருங்கின. வெளிச்சம் கூட்டுவது போச்சு. அதை வரைந்த டிசைனருக்கு இன்னும் வருத்தம்தான்.

எட்டில் மூன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

சிரிஞ்ச் பிராண்டு. பம்புக்கு மில்லி தெரியாது, பிஸ்டன் நகரும் தூரம்தான் தெரியும். தூரத்தை உள்வட்டப் பரப்பால் பெருக்கி மில்லியாக்குகிறது. கம்பெனிக்குக் கம்பெனி உள்விட்டம் கொஞ்சம் மாறும். உதாரணமாக, 28 மி.மீ. என்று பம்ப் நம்பிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருப்பது 26.6 மி.மீ. சிரிஞ்ச் என்றால், விட்டத்தில் 5 சதவீதம்தான் குறைவு, ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கமாயிற்றே, போகும் மருந்து கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைந்துவிடும். திரையில் 5.0 என்று பச்சையில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். அலாரம் எதுவும் வராது. பிழை செய்தவருக்குத் தெரியவே தெரியாத பிழை இது, அதனால்தான் முதல் இடம் கொடுத்தேன்.

அடைப்பு அலாரம். த்ரீ வே, அதாவது மருந்துக் குழாயில் இருக்கும் மூன்று வழி வால்வு, மூடியிருந்தாலோ, லைன் நோயாளியின் கைக்கு அடியில் மடங்கியிருந்தாலோ அழுத்தம் ஏறி பம்ப் நின்று கத்தும். யாருக்கும் முதலில் தோன்றுவது த்ரீ வேயைத் திறப்பது. அங்கேதான் வினை. அதுவரை லைனுக்குள்ளும் சிரிஞ்சுக்குள்ளும் தேங்கிய அழுத்தம், திறந்த நொடியில் ஒரு துளி மருந்தை மொத்தமாக உள்ளே தள்ளிவிடும். நோராட் மாதிரி மருந்துக்கு ஒரு துளியே பெரிய விஷயம். முதலில் அழுத்தத்தை இறக்கிவிட்டு, அப்புறம்தான் திறக்க வேண்டும். இதை எங்கள் திரை சொல்கிறதா? சொல்கிறது, இரண்டாவது பக்கத்தில், சின்ன எழுத்தில்.

மூன்றாவது, சிரிஞ்ச் பொருத்துவது. பிஸ்டனின் தலை பிடிப்புக்குள் சரியாக உட்காரவில்லை என்றால், பம்ப் நோயாளியை விட உயரத்தில் இருக்கும்போது புவியீர்ப்பே மருந்தை இழுத்துக்கொள்ளும். எங்கள் பிடிப்பில் சென்சார் இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் ஓடாது. ஆனால் சிரிஞ்சைக் கழற்றும்போது? லைனை மூடாமல் சிரிஞ்சை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அடுத்ததைத் தேடினால்? சென்சார் இருக்கிறதே என்று இந்தப் பாதியை நான் யோசிக்கவே இல்லை. சிஸ்டர்தான் கையால் நடித்துக் காட்டினார்.

மற்ற ஐந்து: ரேட் போடுவது, ஓடும்போதே ரேட் மாற்றுவது, போலஸ் (ஒரே தடவையில் கூடுதல் அளவு மருந்து) கொடுப்பது, சிரிஞ்ச் தீரும் முன் எச்சரிக்கைக்கு என்ன செய்வது, பேட்டரிக்கு மாறியதைக் கவனிப்பது.

ஆரம்ப நிலை என்ற ஒரு கட்டம்

பணிகளை எழுதும் விதமும் மாறியது. பட்டன் பெயர், மெனு பெயர் எதுவும் வரக்கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். இப்போது பணி என்பது ஒரு கேஸ் ஷீட் தாள். "நோராட் 4 மி.கி., 50 மில்லியில், மணிக்கு 5 மில்லி" என்று டாக்டர் கையெழுத்து மாதிரியே கிறுக்கலாக. கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கும், மறுமுனையில் எங்கள் பர்ச்சேஸ் அண்ணன் டாக்டர் குரலில் "ஏழரை வெச்சிடுங்க" என்பார். அவருக்கு இந்த வேடம் ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனாலும் முதல் ஒத்திகையில் பிராண்டுப் பிழை வரவே இல்லை. வந்த இரண்டு சிஸ்டர்களும் பிராண்டுத் திரையைப் பார்க்காமலே ஓகே, ஓகே என்று தட்டிவிட்டுப் போனார்கள், இருவரும் சரி. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. அன்று மாலை ஃபர்ம்வேர் (பம்புக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) பார்க்கும் தம்பி சொன்னான்: "அண்ணே, கடைசியா யூஸ் பண்ண பிராண்டுதான் முதல்ல வரும். நீங்க காலையில டெஸ்ட் பண்ணி வெச்சதே அந்த பிராண்டுதான்." விடையை இந்தத் தடவை கேள்வித்தாளில் அச்சடிக்கவில்லை, பம்புக்குள்ளேயே வைத்துவிட்டிருந்தேன்.

அன்று சேர்த்ததுதான் ஒவ்வொரு பணிக்கும் மேலே இருக்கும் ஆரம்ப நிலை என்ற கட்டம். பம்பில் கடைசியாக ஓடிய பிராண்டு எது, டிரேயில் எந்த பிராண்டு, கடைசி ரேட் எவ்வளவு, பேட்டரி எத்தனை சதவீதம், பிளக் இருக்கிறதா, த்ரீ வே எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பம்ப் நோயாளியை விட எவ்வளவு உயரத்தில். மொத்தத் திட்டத்தில் உருப்படியான பகுதி எது என்று கேட்டால் இந்த ஒரு கட்டத்தைத்தான் காட்டுவேன். இதை நிரப்பும்போதுதான் நாம் பிழைக்கு வழி விட்டிருக்கிறோமா, அடைத்துவிட்டிருக்கிறோமா என்று தெரிகிறது. மறுநாள் பம்பில் ஒரு பிராண்டு, டிரேயில் இன்னொன்று என்று வைத்து மூன்றாவது சிஸ்டரைக் கூப்பிட்டோம். ஓகே, ஓகே. பச்சையில் 5.0. அவர் திரும்பி எங்களைப் பார்த்து "முடிஞ்சுது சார்" என்றார்.

எத்தனை பேர், யார் யார்

இந்த மாதிரி சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று எல்லாருக்கும் ஒரு மனப்பாடம் உண்டு, யூசபிலிட்டி நிபுணர் யாக்கோப் நீல்சன் சொன்னது. வெப்சைட்டுக்குச் சரிதான். 2003-ல் ஃபாக்னர் என்ற ஆய்வாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். ஐந்து ஐந்து பேராக எடுத்தபோது சராசரியாக 85 சதவீதப் பிரச்சினைகள் தெரிந்தன, ஆனால் ஒரு சில ஐவர் குழுவில் 55 சதவீதம்தான். 15 பேர் என்றபோது மிக மோசமான குழுவிலும் 90. எஃப்டிஏவின் 2016 வழிகாட்டி, சம்மேட்டிவ் சோதனைக்கு ஒவ்வொரு பயனர் வகைக்கும் குறைந்தது 15 பேர் என்று சொல்லும்போது இந்த அட்டவணையைத்தான் காட்டுகிறது.

எங்களுக்கு வகை இரண்டு. நாள் முழுக்க பம்போடு வாழும் ஐசியு சிஸ்டர்கள். மாதத்துக்கு ஒரு தடவை பம்பைத் தொடும் வார்டு சிஸ்டர்கள். ஃபார்மேட்டிவுக்கு ஆறு ஆறு பேர், சம்மேட்டிவுக்கு 15, 15. டாக்டர்களையும் ஒரு வகையாகச் சேர்க்கலாமா என்று ஒரு வாரம் விவாதம். நாங்கள் பார்த்த இரண்டு இரவிலும் ஒரு டாக்டர்கூட பம்பைத் தொடவில்லை, ஆர்டர் மட்டும்தான். விட்டுவிட்டோம்.

அக்கவுண்ட்ஸ் மேடம் தலையைப் பிடித்துக்கொண்டார். "30 பேர்ல எத்தனை பேர் பாஸ் ஆனா ஓகே?" நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். 30-ல் 28 என்று எழுதினால், மீதி இரண்டு பேர் செய்த பிழையில் நோயாளி செத்துப்போகலாம் என்றால் அந்த 28-க்கு என்ன அர்த்தம்? முக்கியப் பணிகளில் ஒவ்வொரு பிழைக்கும் காரணம் தேட வேண்டும், மயிரிழையில் தப்பியதற்கும் சேர்த்து. சதவீதக் கட்டத்தைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டேன்.

ஆள் சேர்ப்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். நைட் ட்யூட்டி முடித்து நேராக வருகிறவரை வைத்துச் சோதிக்கக்கூடாது என்று முதலில் எழுதினேன், அப்புறம் அடித்தேன். நிஜத்தில் பம்பை இயக்குவது அந்தக் களைப்புதானே? ஆனால் பஸ்ஸில் தூங்கி விழுந்து வீட்டுக்குப் போவார்களே என்றும் கவலை. கடைசியில், விருப்பப்பட்டவர்கள் மட்டும், போகும்போது வண்டி ஏற்பாடு, சாப்பாடு, நேரத்துக்குப் பணம் என்று முடிவானது. நோயாளி யாரும் இல்லை, ஓடுவது தண்ணீர் என்றாலும் ஒப்புதல் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் அடித்தோம், சென்னை ஆஸ்பத்திரிகளில் கேரளத்துச் சிஸ்டர்கள் நிறைய. வீடியோவில் கையும் பம்பும் மட்டும், முகம் கிடையாது. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் யாரும் அறைக்குள் வரக்கூடாது. இதைச் சொல்வதற்கு மட்டும் மூன்று வரைவு எழுதினேன், மேலிடத்துக்குக் கோபம் வராத தமிழில்.

பயிற்சியும் கணக்கில் வரவேண்டும். எங்கள் சேல்ஸ் ஆள் நிஜத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனால் ட்யூட்டி மாறும் நேரத்தில் 20 நிமிடம் டெமோ காட்டுவார். அதே ஆள், அதே 20 நிமிடம். சோதனை மறுநாள்தான். சொல்லிக் கொடுத்த சூட்டிலேயே கேட்டால் யாருக்கும்தான் ஞாபகம் இருக்கும்.

அறை

சிமுலேஷன் பொம்மை விலை கேட்டு வந்த அன்றே அந்த யோசனையை மூட்டை கட்டினோம். பெட்டில் படுத்திருப்பவர் ஒரு திண்டு, வெள்ளை பெட்ஷீட் சுற்றியவர். கை மட்டும் பிவிசி பைப், உள்ளே ஓடும் ட்யூப் கட்டிலுக்கு அடியில் காலி சலைன் பாட்டிலில் போய் முடியும். வார்டு மாதிரி கட்டில் வாடகைக்குக் கிடைத்தது, ஐவி ஸ்டாண்டு பாரிமுனைப் பக்கம் சர்ஜிக்கல் கடையில். சத்தத்துக்கு ஸ்பீக்கர் வேண்டும் என்று ரிட்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனவன், வழக்கம்போல இன்னும் நாலு சாமானோடு திரும்பினான்.

அந்த ஸ்பீக்கரில் மற்ற பெட்டுகளின் அலாரம். அலாரங்களுக்கான தரநிலை ஐஇசி 60601-1-8 படி உயர் முன்னுரிமை அலாரம் ஒரு தொகுப்புக்கு 10 ஒலி, நடுத்தரம் 3 ஒலி. எங்கள் பம்பும் அதைத்தான் செய்கிறது, பக்கத்து பெட் மானிட்டரும் அதைத்தான் செய்கிறது. தரநிலைக்கு எல்லாரும் கட்டுப்பட்டதால் எல்லாரும் ஒரே மாதிரி கத்துகிறார்கள். எது கத்துகிறது என்று அந்தக் குழப்பத்தில் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதும் சோதனையின் பகுதி. விளக்கு, தூரத்து ட்யூப் லைட் ஒன்று. கிளவுஸ் கட்டாயம், சானிடைசர் பக்கத்தில்.

பொய் மருந்துக் குப்பிகள் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணீர் நிரப்பி லேபிள் ஒட்டினோம். ஒத்திகை முடிந்து சாமான் எண்ணியபோது ஒரு சிரிஞ்ச் குறைந்தது. தேடினால், ஒரு சிஸ்டர் பழக்க தோஷத்தில் கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். "நோராட்" என்று பிளாஸ்திரி ஒட்டிய தண்ணீர், நிஜ ஐசியுவை நோக்கி நந்தனம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. போன் போட்டு, அவர் ஆட்டோவைத் திருப்பி வந்து கொடுத்தார். அவர் சிரித்தார், எனக்குக் கை நடுங்கியது. இப்போது எல்லா லேபிளிலும் சிவப்பில் "பயிற்சிக்கு மட்டும்", உள்ளே வரும்போது ஒரு எண்ணிக்கை, வெளியே போகும்போது ஒரு எண்ணிக்கை, இரண்டுக்கும் கையெழுத்து. எண்ணிக்கை சரியாகும்வரை யாருக்கும் செருப்பு கிடையாது.

வாயை மூடுவது

சோதனையின் நடத்துனர் நான். திட்டத்தில் "நடத்துனர் உதவி செய்யக்கூடாது" என்று நானே எழுதியிருந்தேன். ஒத்திகை வீடியோவைப் போட்டுப் பார்த்தால், பிராண்டுத் திரை வரும்போதெல்லாம் நான் இருமுகிறேன். தெரியாமல்தான். சத்தியமாகத் தெரியாமல்தான். ஃபர்ம்வேர் தம்பி அதைவிட மோசம், பின்னால் உட்கார்ந்து "ச்சே" என்று உச்சுக்கொட்டுவது மைக்கில் விழுந்திருக்கிறது. அவன் அடுத்த அறைக்குப் போனான், வீடியோ மட்டும் அங்கே தெரியும். நான் சிஸ்டரின் முதுகுக்குப் பின்னால், அவர் என் முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில்.

"என்ன சார், சரிதானே?" என்று அவர்கள் திரும்பிக் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். அதற்கு ஒரே பதில் எழுதி வைத்திருக்கிறேன்: "நான் இங்க இல்லன்னா என்ன செய்வீங்களோ, அதைச் செய்ங்க சிஸ்டர்." முதல் தடவை சொல்லும்போது மரியாதைக் குறைவாகத் தோன்றியது.

முடிந்தபின் கேட்கும் கேள்வியில்தான் நிறைய அடித்துத் திருத்தல். "ஏன் அந்த பிராண்டைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்றால் போச்சு, "ஐயோ சாரி சார், நான் கவனிக்கல" என்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுவார். அங்கிருந்து ஒன்றும் வராது. இப்போது வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி, "இந்த நேரத்துல மனசுல என்ன ஓடிச்சு?" என்று மட்டும் கேட்கிறோம். மூன்றாவது சிஸ்டர் யோசித்துச் சொன்னார்: "ஸ்டார்ட் பண்ண முன்னாடி ரெண்டு ஓகே கேக்கும்னு கை பழகிடுச்சு. என்ன எழுதியிருக்குன்னு யாரு படிக்கறா." பிராண்டுத் திரையில் ஓகேயை எடுத்துவிட்டு, பிராண்டின் பெயரையே தொட வேண்டும் என்று மாற்றும் வேலை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தது.

திருப்திக் கணக்கெடுப்பும் வைத்திருந்தோம், ஜான் புரூக் 1986-ல் உருவாக்கிய பத்துக் கேள்வி எஸ்யுஎஸ். தப்பான பிராண்டில் ஓட்டிய அதே சிஸ்டர் எங்களுக்கு எல்லாவற்றிலும் முழு மார்க் போட்டிருந்தார். "நல்லா இருக்கு சார், ரொம்ப ஈஸி." வீட்டுக்கு வந்தவர் காபி எப்படி என்று கேட்டால் என்ன சொல்வாரோ அதுதான். அந்தத் தாளைச் சேல்ஸுக்குக் கொடுத்துவிட்டேன், அவர்களுக்குப் பயன்படும்.

நான்காவது பதிப்பு 23 பக்கம். போன வெள்ளிக்கிழமை சிஸ்டரிடம் மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை பென்சில் கேட்டார். ஆரம்ப நிலைக் கட்டங்களில் ஒன்றும் எழுதவில்லை. ரேட் போடும் பணியில், எண்ணைத் தட்டியபின் ஸ்டார்ட் அமுக்கும் முன் அட்டெண்டர் வந்து பெட் 6-க்குக் கூப்பிடுவார் என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தினார். ஓரத்தில் எழுதினார்: "ரெண்டு தடவை வரணும்."

"ஒரு தடவை கூப்பிட்டா யாரும் மறக்க மாட்டாங்க தம்பி. போயிட்டு பாதி வழியில திரும்பி வரும்போது இன்னொருத்தர் கூப்பிடணும். அப்பதான்."

சேர்த்துவிட்டேன். ஒரு ஆளுக்கு நான்கு நிமிடம் கூடியது. ஒரு நாளைக்கு ஆறு பேர் என்ற கணக்கு இனி ஐந்து பேர். சனிக்கிழமைக்குச் சொல்லியிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தில் ஒன்றைக் குறைக்கச் சொல்ல வேண்டும், அட்டெண்டர் வேடத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும். பர்ச்சேஸ் அண்ணன் இரண்டு குரலிலும் தானே பேசுகிறேன் என்கிறார்.